முந்நூற்றுப் பதினொரு கிலோ துரு

கனடாவில், ரொறன்ரோவின் வெக்ஸ்போர்ட்டில் பார்மசி அவெனியூவுக்குக் கிழக்கே ஒரு செங்கல் வீட்டின் கராஜில், நாலு கிலோ நிறையுள்ள ஒரு பழைய துவக்கின் குழலுக்குள் இருந்து ஐந்து மாதத்தில் முந்நூற்றுப் பதினொரு கிலோ துரு வெளியே வந்தது. இந்தியாக்காரர் துப்பாக்கி என்று சொல்வதைத்தான் நாங்கள் துவக்கு என்கிறோம். துருவை எடுத்தது கிளடிஸ். நிறுத்தது அவவின் புருசன் வின்சன்ற், பிளேனுக்குப் போகமுதல் சூட்கேஸைத் தூக்கிப் பார்க்கிற கைத்தராசால். சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும் என்பார்கள். இந்தச் சட்டியில் இருந்ததைவிட அகப்பையில் வந்தது எழுபத்தேழு மடங்கு கூட. எல்லாம் எடுத்து முடித்த பிறகும் துவக்கு அதே நாலு கிலோதான் நின்றது. கணக்குப் படித்தவர்கள் இதற்குள் மூக்கை நுழைக்க வேண்டாம். தராசு இன்றைக்கும் அந்தக் கராஜில் தொங்குகிறது, சந்தேகமென்றால் போய் அதைக் கேட்கலாம்.

கிளடிஸ் மன்னார்ப் பக்கம் பேசாலைக்காரி. வயது ஐம்பத்தாறு, ஆள் கட்டை, கை நல்ல பலம். ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் நிலக்கீழ்த் தளத்தில் பத்தொன்பது வருசமாக வேலை செய்கிறா. வயிற்றுக்குள்ளும் குடலுக்குள்ளும் விட்டுப் பார்க்கிற குழாய்க் கமராக்களைக் கழுவி, துடைத்து, கிருமி நீக்கி மேலே அனுப்புவது அவவின் பொறுப்பு. பென்சில்கூடப் போகாத ஓட்டைக்குள் நீட்டுத் தூரிகையை விட்டு மற்றப் பக்கத்தால் எடுப்பா. அந்த வேலைக்கு ஒரேயொரு சட்டம் உண்டு. விட்ட தூரிகை மற்ற வாயால்தான் வெளியே வரவேணும். பாதி வழியில் மனம் மாறிப் பின்னால் இழுத்தால் தும்பு மடியும், அழுக்கு உள்ளேயே குந்திவிடும், குழாய் பழுதாகும். இந்தச் சட்டத்தைக் கிளடிஸ் வீட்டிலும் விடமாட்டா. தேத்தண்ணிக் கேத்திலின் மூக்கைக் கழுவினாலும் அப்படித்தான்.

துவக்கு எப்படி வந்ததென்று கேட்பீர்கள். அதில் ஒரு மாயமும் இல்லை. அவவோடு வேலை செய்கிற ஷரோன் வடக்கே பான்கிறொவ்ட் காட்டுப் பக்கத்துப் பெண். பன்னிரண்டு வருசத்துக்கு முதல் ஒரு கார்த்திகை மாதம் அவள் கிளடிஸை மான் வேட்டைக்குக் கூட்டிப்போனாள். கிளடிஸ் போய்ப் பார்த்தா, பிடித்துப்போச்சு. வகுப்புக்குப் போனா, சோதனை பாஸ் பண்ணினா, லைசன்ஸ் எடுத்தா, பூட்டுப் போட்ட இரும்பு அலுமாரி வாங்கினா. ஒரு பொம்பிளைக்கு உது தேவையோ என்று வாய் கிழியக் கதைத்த சனம் எல்லாம், அவ கொண்டுவந்த மான் இறைச்சியை ஒரு கறிச்சட்டி மிச்சம் விடாமல் தின்றது. பிறகு பீற்றர்பரோ பக்கம் செத்துப்போன ஒரு தோட்டக்காரரின் சாமான்களை ஏலம் போட்டபோது, இறைச்சி அரைக்கிற மெசின் வாங்கப் போனவ அந்தத் துவக்கையும் லைசன்ஸைக் காட்டி நாற்பது டொலருக்கு எடுத்துக்கொண்டு வந்தா. இரும்பில் லோங் பிராஞ், 1942 என்று குத்தியிருந்தது. லோங் பிராஞ் இங்கே எட்டோபிக்கோவில் ஏரிக்கரையில் இருக்கிற இடம், யுத்தக் காலத்தில் துவக்குச் செய்த தொழிற்சாலை அங்கேதான், பஸ்ஸில் போகலாம். அடிப்பிடி மரத்தில் ஆரோ ஆணியால் மூன்று சிங்கள எழுத்துக் கீறியிருந்தார்கள். அப்ப உவர் உலகம் சுற்றிப்போட்டுப் பிறந்த ஊருக்கு வந்திருக்கிறார், என்று கிளடிஸ் சிரித்தா. குழலுக்குள் கண்ணை வைத்துப் பார்த்தால் மற்றப் பக்கத்து வெளிச்சம் தெரியாது, அவ்வளவு துரு. துவக்குத் திருத்துகிற ஒருவர் பார்த்துவிட்டு, சுவரில் மாட்டு அல்லது எறி என்றார். கிளடிஸ் இரண்டையும் செய்யாமல் அலுமாரியில் வைத்துப் பூட்டினா. அது இரண்டு வருசம் அங்கே நின்றது.

வின்சன்ற் வேறு மாதிரி ஆள். மான் இறைச்சியை மிளகு கூடப் போட்டுப் பிரட்டுவதில் அவரை மிஞ்ச இந்த வட்டாரத்தில் ஆளில்லை, ஆனால் அந்த அலுமாரிப் பக்கம் தலை வைத்தும் படுக்கமாட்டார். காரணம் அவருடைய இடுப்புக்குள் இருந்தது. எண்பத்தாறாம் ஆண்டு, இருபது வயதில், சைக்கிள் கரியரில் மீன்பெட்டி கட்டிக்கொண்டு தலைமன்னார் றோட்டால் போனபோது பின்னால் இருந்து ஒரு துவக்குச் சூடு பட்டது. சுட்டது ஆரென்று அவருக்குத் தெரியாது. திரும்பிப் பார்க்கிற நேரமா அது? சைக்கிளைப் போட்டுவிட்டுப் பற்றைக்குள் ஓடினார். காயம் ஆறிவிட்டது, சன்னம் வெளியே வரவில்லை. வலப்பக்க இடுப்பெலும்புக்கும் முள்ளந்தண்டின் அடிக்கும் நடுவில், நரம்போடு ஒட்டிக்கொண்டு, வாடகை கொடுக்காத குடித்தனக்காரன் மாதிரி இருந்துவிட்டது.

தொண்ணூற்றொன்றில் கனடாவுக்கு வந்தார். அகதி விசாரணைக்குப் படிவம் நிரப்பித் தந்த ஒரு புத்திசாலி, சன்னம் பட்டதெண்டு எழுதாதை, நீ ஆயுதம் தூக்கின இயக்கமோ எண்டு குடைவாங்கள், கேஸ் போயிடும், பனையால விழுந்த காயம் எண்டு சொல்லு, என்றான். அன்றைக்குத் தொடக்கம் வின்சன்ற் பனையால் விழுந்தவர். குடும்ப டொக்டரின் கோப்பிலும் பனை. மகள் ஸ்டெபனிக்கும் பனை. சிட்டிசன்சிப் எடுத்துக் கால் நூற்றாண்டு கழிந்த பிறகும், பொய் பிடிபட்டால் விமானத்தில் ஏற்றிவிடுவார்கள் என்று அந்த மனுசன் உள்ளுக்குள் நடுங்கிக்கொண்டே இருந்தார். உண்மை தெரிந்தது கிளடிஸ் ஒருத்திக்குத்தான். இந்த நகரத்தில் எங்கட சனம் இப்படி விழுந்த பனைகளை எல்லாம் ஒன்றாக நட்டால் ஸ்கார்பரோ முழுக்கப் பனங்கூடலாகிவிடும்.

போன வருசம் ஆவணியில் அவருடைய வலக்கையில் இரண்டு விரல் மரத்துப்போச்சு. ரெக்ஸ்டேலில் ஒரு களஞ்சியத்தில் போர்க்லிப்ட் ஓட்டுகிறவருக்கு விரல் மரத்தால் என்ன நடக்கும்? ஒரு கிழமையில் இரண்டு தட்டு சாமானைக் கீழே போட்டார். பரிசோதித்த டொக்டர்கள், கழுத்துக்குள், முள்ளந்தண்டுக்குள்ளால் போகிற முண்ணாணோடு ஏதோ வளர்கிறது, அது என்னவென்று எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தால்தான் வெட்டலாமா விடலாமா என்று சொல்லலாம் என்றார்கள். பார்க்காமல் விட்டால் ஆறு மாதம், கூடினால் எட்டு. அதற்குப் பிறகு கை போகும். கையோடு நிற்காது.

எம்ஆர்ஐ என்பது பெரிய காந்தம். உடம்புக்குள் உலோகம் இருக்கிறதா என்று முதலில் ஒரு படிவத்தில் கேட்பார்கள். வின்சன்ற் பழக்க தோசத்தில் இல்லை என்று கோடு போட்டார். பக்கத்தில் இருந்த கிளடிஸ் படிவத்தைப் பறித்து, அதை வெட்டி, ஓம் என்று எழுதினா. "உள்ளுக்குள்ள கிடக்கிறது காந்தத்துக்கு எழும்பி நடந்தால் நான் ஆரிட்டப் போய் அழுறது?" என்றா. அங்கே வைத்துத்தான் ஸ்டெபனிக்கு விசயம் தெரிய வந்தது. அவளுக்கு முப்பது வயது, ஏஜாக்ஸில் வங்கியில் வேலை. "வெயிற், அப்பா, புல்லட்டா? லைக், றியல் புல்லட்? அப்ப அந்தப் பனை மரம்?" என்று கேட்டவள் பிறகு தகப்பனின் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். எக்ஸ்றே எடுத்தார்கள், சன்னம் வெள்ளையாகத் தெரிந்தது. இது என்ன உலோகம், ஏதாவது கடதாசி இருக்கிறதா என்று டொக்டர் கேட்டார். "சுட்டவன் றிசீற் தரேல்ல, டொக்டர்," என்றா கிளடிஸ். வெட்டி எடுக்கலாமா என்றால், நரம்பில் கை பட்டால் கால் போய்விடும் என்றார் சத்திரசிகிச்சைக்காரர். சன்னத்தோடு காந்தத்துக்குள் விடமாட்டோம் என்றார்கள் படம் எடுக்கிறவர்கள். சன்னத்தை எடுக்க முடியாது, எடுக்காமல் படம் பிடிக்க முடியாது. எம்ஆர்ஐ ரத்தாகிவிட்டது.

கிளடிஸுக்குக் கவலை வந்தால் எதையாவது தேய்ப்பா. தகப்பன் செத்த செய்தி வந்த அன்று வீட்டில் இருந்த சட்டி முழுவதையும் தேய்த்தவ. இந்த முறை சட்டிகள் ஒரு கிழமைக்குத்தான் காணும். ஐப்பசி முதலாம் சனிக்கிழமை அலுமாரியைத் திறந்து அந்தத் துவக்கை வெளியே எடுத்தா. பின்பூட்டைக் கழற்றி, குழலின் ஒரு வாயைக் கோர்க்குத் தக்கையால் அடைத்து, நிமிர்த்தி வைத்து, துரு இளக்குகிற எண்ணெய் நிரப்பினா. மண்ணெண்ணெயும் கொஞ்சம் விடும் என்று மேலே குசினியில் இருந்து வின்சன்ற் சொன்னார். அதையும் விட்டா. மூன்று நாள் ஊறவிட்டு, வெண்கலத் தும்புத் தூரிகையைக் கம்பி நுனியில் பூட்டி, தோட்டா போடுகிற பின்வாயால் தள்ளி, முன்வாயால் எடுத்தா. தூரிகையைக் கழற்றி, கம்பியை மட்டும் திரும்ப இழுத்து, மறுபடி பூட்டினா. பிறகு வின்சன்றின் பழைய பெனியனில் வெட்டின துணித்துண்டு. பிறகு எண்ணெய். பிறகு தூரிகை. முதல் நாளே ஒரு ஐஸ்கிறீம் பெட்டி நிறையத் துரு வந்தது. இரண்டாம் நாள் ஒரு வாளி. அவவுக்கு அது பெரிய விசயமாகப் படவில்லை. ஊத்தை கிடந்தால் வரத்தானே செய்யும் என்றா.

விசயம் மேலே நடந்தது. தூரிகை உள்ளே போகிற ஒவ்வொரு முறையும் வின்சன்றுக்கு இடுப்புக்குள் கடித்தது. சொறியக் கை போகாத இடத்தில் கடி வந்தால் மனுசன் என்ன செய்வான்? கதவு நிலையில் உரஞ்சினார். கிளடிஸ் நிறுத்தினால் கடியும் நின்றது. இது என்ன கோதாரி என்று இரண்டு பேரும் சோதித்துப் பார்த்தார்கள். கராஜ் கதவைச் சாத்திப் பார்த்தார்கள். றேடியோவைச் சத்தமாகப் போட்டுப் பார்த்தார்கள். அவர் ரெக்ஸ்டேலில் வேலையில் நின்றபோது, நானூற்றொன்றாம் நெடுஞ்சாலை முழுக்க நடுவில் கிடக்க, கிளடிஸ் இங்கே மூன்று தரம் தள்ளினா. அவர் அங்கே இருந்து போன் எடுத்து, மூண்டுதரம் என்றார். கார்த்திகை மாதம் துரு முடிந்து வெடிமருந்துக் கரி வந்தது. கரி முடிந்து வெள்ளை மணல் வந்தது, நெற்றலி முள்ளும் சின்னச் சிப்பியும் கலந்தது. அடுத்த நாள் துணி முன்வாயால் வெளியே வந்ததும் கராஜுக்குள் ஒரு சைக்கிள் மணி அடித்தது. கிளடிஸ் சுற்றிப் பார்த்தா, அங்கே சைக்கிளே இல்லை. மாடியில் குளித்துக்கொண்டிருந்த வின்சன்ற் துவாயோடு இறங்கி வந்து, "அது என்ர மணி," என்றார். அதன் மேல்மூடியில் வெடிப்பு, அடித்தால் பாதிச் சத்தம்தான் வரும், எங்கே கேட்டாலும் தெரியும் என்றார். அவரைச் சுட்ட துவக்கு இதுதான் என்று இரண்டு பேருக்கும் விளங்கியது. பிறகு கிளடிஸ் கம்பியில் புதுத் துணி பூட்டினா.

மார்கழியில் எடுத்த எக்ஸ்றேயில் சன்னம் தோலைப் பார்த்து ஒன்றரை சென்ரிமீற்றர் நகர்ந்திருந்தது. நாற்பது வருசமாகக் கிடந்தது இப்படி நகராது என்று குடும்ப டொக்டர் படத்தை இரண்டு தரம் திருப்பிப் பார்த்தார். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் டொக்டர், என்றா கிளடிஸ். டொக்டர் அதை எழுதவில்லை, தொடர்ந்து கவனிக்கவும் என்று மட்டும் எழுதினார். ஆனால் ஒன்றை விரலால் தொட்டுக் காட்டினார். சன்னம் வருகிற வழியில் காலுக்குப் போகிற பெரிய நாடி குறுக்கே கிடக்கிறது. அதை உரசாமல் கடந்தால் ஆள் தப்பினார், உரசினால் ஆள் இல்லை. சித்திரை ஒன்பதாம் திகதிக்கு முதல் உடம்பில் உலோகம் இல்லையென்று எக்ஸ்றே காட்டினால் எம்ஆர்ஐக்கு இடம் இருக்கிறது, அதை விட்டால் அடுத்த இடம் புரட்டாதியில். புரட்டாதி வரைக்கும் கை தாங்காது என்று எல்லாருக்கும் தெரியும்.

சனத்தின் வாய்க்கு ஆர் பூட்டுப் போடுவது? தை பிறக்க முதல் செய்தி அஜின்கோர்ட் வரைக்கும் போய்விட்டது. உடம்புக்குள் சன்னமும் பீரங்கிச் செல் துண்டும் வைத்துக்கொண்டு அத்தனை வருசம் பனையால் விழுந்தேன், மாடு முட்டினது, கிணற்றுக்கட்டில் சறுக்கினேன் என்று சொல்லித் திரிந்த ஆட்கள் எல்லாம் சனிக்கிழமை காலையில் பனிச்சப்பாத்தோடு வந்து வீட்டு முன்னால் வரிசையில் நின்றார்கள். கிளடிஸ் தள்ளுகிறபோது ஒவ்வொருத்தரும் தங்கள் தங்கள் இடத்தைத் தொட்டுப் பார்ப்பார்கள். ஒருவருக்கும் ஒன்றும் அசையவில்லை. அந்தத் துவக்கு தன்னுடையதைத்தான் கூப்பிட்டது. அஜின்கோர்ட் இரத்தினவேல் மட்டும் விடாமல் வந்தார். அறுபத்திரண்டு வயது, உடம்பில் பதினேழு செல் துண்டு, விமான நிலையத்தில் அவரைக் கண்டாலே மெசின் கத்தும். "அண்ணை, உங்கடை துண்டு பீரங்கியால வந்தது. அந்தப் பீரங்கியைத் தேடி வாங்கிக்கொண்டு வாங்கோ, தேய்ச்சுப் பாப்பம்," என்றா கிளடிஸ். "வாங்கலாம் தங்கச்சி, உன்ர கராஜ் காணாதே," என்றார் அவர். வந்த ஆட்கள் வெறுங்கையோடு போகக்கூடாதென்று ஆளுக்கொரு பை துரு கொடுத்துவிட்டா. அதைக் கறிவேப்பிலைச் சாடிக்குப் போட்டவர்கள் வீட்டில் அந்தப் பனி மாரி முழுக்க ஒரு இலை கொட்டவில்லை, புதுத் துளிரும் விட்டது. ரொறன்ரோவில் மாசி மாதம் கறிவேப்பிலை துளிர்ப்பதென்றால் என்னவென்று வளர்த்தவர்களுக்குத் தெரியும்.

பங்குனி நடுவில் சன்னம் நாடிக்குக் கிட்ட வந்துவிட்டது. கிளடிஸ் இப்போது ஒரு நாளைக்கு ஒரே தரம்தான் தள்ளினா, அதுவும் மூச்சுப் பிடித்து. வின்சன்றுக்குப் பொறுக்கவில்லை. மூன்றாவது விரலும் மரத்துவிட்டது, சேட்டுப் பொத்தான் போட ஆள் வேணும், திகதி மூன்று கிழமைதான். ஒரு புதன்கிழமை மத்தியானம் கிளடிஸ் வேலைக்குப் போயிருந்த நேரம், வாழ்நாளில் துவக்கைத் தொடாத மனுசன் இடக்கையால் கம்பியை எடுத்து உள்ளே தள்ளினார். பாதிக்குப் போனதும் நாடியில் ஏதோ முட்டினது. பயந்துபோய்ப் பின்னால் இழுத்தார். அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்? தும்பு மடிந்து தூரிகை குழலுக்குள் இறுகியது. சன்னம் உள்ளே முகம் திருப்பிக் குறுக்கே நின்றது. வலக்கால் நீலமாகி, கராஜ் சீமெந்தில் அப்படியே சரிந்தார்.

நல்ல காலம், இரத்தினவேல் ஒரு போத்தல் மோர்மிளகாயோடு அந்த நேரம் வந்தார். அம்புலன்ஸ் கூப்பிட எடுத்த போனை வின்சன்ற் பிடித்தார், தூக்கினால் நாடி வெட்டும், கிளடிஸைக் கூப்பிடும் என்றார். கிளடிஸ் ஆஸ்பத்திரியில் இருந்து ராக்சி பிடித்துப் பதினேழு நிமிசத்தில் வந்தா, பச்சை வேலை உடுப்போடு, தலையில் வலையும் கழற்றாமல். புருசனைப் பார்த்தா. குழலைப் பார்த்தா. "ஏன் இழுத்தனீங்கள்? சொன்னனானெல்லோ!" என்று ஒரு சத்தம் போட்டா, தெருமுனை வரைக்கும் கேட்டதாம். அதற்குப் பிறகு அவவின் கை நடுங்கவில்லை. அதைத்தான் இன்றைக்கும் இரத்தினவேல் வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டு திரிகிறார். தூரிகை பின்னால் வராது, வந்தாலும் விடக்கூடாது. முன்னால்தான் போகவேணும். வேகமாகப் போனால் நாடி அறும். நின்றால் கால் சாகும். கிளடிஸ் குழலுக்குள் எண்ணெய் விட்டு, இரத்தினவேலைக் குழலைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, செபமாலை சொல்லத் தொடங்கினா. கிறிஸ்மசுக்கும் ஈஸ்டருக்கும் மட்டும் கோயிலுக்குப் போகிறவ அவ. ஆனால் பேசாலையில் முட்டை அவிக்கிறதுக்கும் செபம்தான் மணிக்கூடு. ஒரு அருள் நிறைந்த மரியேக்குக் கம்பி ஒரு நூல் அளவு போனது. ஐம்பத்து மூன்று சொல்லி முடிய மறுபடி முதலில் இருந்து. மூன்றாம் சுற்றில் இரத்தினவேலும் பாடமாக்கிவிட்டார். நெற்றியில் திருநீற்றோடு அவர் அருள் நிறைந்த மரியே சொன்னது அந்தத் தாயாருக்குக் கேட்டிருக்கும் என்று நான் நம்புகிறேன். கிளடிஸின் கன்னத்தால் தண்ணி ஓடிக்கொண்டிருந்தது, துடைக்கக் கை இல்லை. வின்சன்ற் கண்ணை மூடிக்கொண்டு அவவின் சப்பாத்தைப் பிடித்துக்கொண்டு கிடந்தார்.

நாலாம் சுற்றில், பின்னேரம் நாலேகாலுக்கு, தூரிகை முன்வாயால் வெளியே வந்தது. அதோடு ஒரு தேக்கரண்டி துரு விழுந்தது, கடைசித் துரு அதுதான். வின்சன்றின் காலில் சூடு திரும்பியது. அவர் ஒரு பக்கமாகச் சரிந்து படுத்தார். பழைய காயத்தின் தழும்பு வாய் திறக்கிற மாதிரித் திறந்தது, சன்னம் வெளியே வந்தது. ஒரு சொட்டு இரத்தம் இல்லை. நிலத்தில் இருந்து இரண்டு அடி உயரத்தில், ஆள் நடக்கிற வேகத்தில், சன்னம் கராஜுக்குள்ளால் போனது. பனி அள்ளுகிற சவளுக்கு விலகியது. வழியில் நின்ற இரத்தினவேல் குழலில் இருந்து கையை எடுத்து, வாரும் என்று ஒதுங்கி இடம் விட்டார். குழலின் முன்வாய்க்கு வந்து, கொஞ்சம் நின்று, குழலுக்குள் வெட்டியிருந்த, தான் வெளியே வந்த அதே சுருள் கோடுகளில் பல்லைப் பொருத்தி, சுழன்று சுழன்று உள்ளே போய்ப் பின்வாயால் கிளடிஸ் ஏந்தின எவர்சில்வர் தட்டில் விழுந்தது. ணங் என்றொரு சத்தம். தழும்பு மூடிவிட்டது. கிளடிஸ் குழலுக்குள் கண்ணை வைத்துப் பார்த்தா. கண்ணாடி மாதிரி இருந்தது, இரண்டு சுருள் கோடும் முழுசாகத் தெரிந்தது. ஆனால் சன்னம் எதிர்ப்பக்கமாகப் போன கோபத்தில் இன்னொருமுறை துணி போட்டுத் துடைத்துவிட்டுத்தான் புருசனுக்குத் தேத்தண்ணி வைத்தா.

அடுத்த நாள் எக்ஸ்றேயில் ஒன்றும் இல்லை. எங்கே போனது என்று டொக்டர் கேட்டார். கிளடிஸ் கைப்பையில் இருந்து எடுத்து மேசையில் வைத்தா. டொக்டர் அதை உருட்டிப் பார்த்துவிட்டு, தானாக வெளியேறியது என்று எழுதினார். அந்தச் சாக்கோடு பனையையும் வெட்டச் சொல்லி வின்சன்ற் கேட்டார். முப்பத்து நாலு வருசத்துக்குப் பிறகு கோப்பில் பனை வெட்டப்பட்டது. ஆரும் விமானத்தில் ஏற்ற வரவில்லை. அதற்குப் பிறகு இரத்தினவேலும் தன்னுடைய டொக்டரிடம் போய் மாடு முட்டவில்லை என்று சொன்னார். பதினேழு துண்டும் இன்னும் அவரோடுதான் இருக்கிறது. துவக்கைக் கிளடிஸ் கார்த்திகையில் வேட்டைக்குக் கொண்டுபோனா, நேராகச் சுட்டது. வின்சன்ற் வழக்கம்போல மிளகு கூடப் போட்டார்.

எம்ஆர்ஐ என்ன சொன்னது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஆரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருக்க வேண்டாம். கழுத்துக்குள் கடலைப்பருப்பளவில் ஒரு கட்டி, கெட்ட சாதியில்லை. ஆனியில் எடுத்தார்கள், ஆவணிக்குள் மூன்று விரலும் திரும்பி வந்துவிட்டது. ஆனால் சித்திரை ஒன்பதாம் திகதி காலையில் அது ஒருவருக்கும் தெரியாது. வின்சன்ற் நீலக் கவுணைக் கட்டிக்கொண்டு உள்ளே போனார். கிளடிஸ் வெளியே கதிரையில் அவருடைய உடுப்பை மடியில் வைத்துக்கொண்டு இருந்தா. கதவுக்குப் பின்னால் மெசின் தொடங்கினது. அந்த மெசினின் சத்தம் கேட்டவர்களுக்குத் தெரியும். டட்டட்டட் என்று தொடங்கும், கொஞ்சம் நிற்கும், பிறகு வேறு குரலில் டுமீல் டுமீல் என்று விட்டு விட்டு அடிக்கும். கிளடிஸ் எழும்பி நின்றா. இருந்தா. திரும்ப எழும்பி நின்றா. இதை ஆராவது அவருக்கு முதலே சொன்னார்களா என்று யோசித்தா. நாற்பது நிமிசம் அப்படியே போனது. கதவு திறந்து வின்சன்ற் தானாக நடந்து வந்தார், முகம் வேர்த்திருந்தது.

"பயந்தீங்களோ?" என்று கேட்டா.

"நாப்பது நிமிசம் விடாமல் சுட்டாங்கள், கிளடிஸ்," என்றார் அவர். "நான் ஓடேல்ல. அப்பிடியே கிடந்து கேட்டுக்கொண்டிருந்தன். ஒண்டுகூட என்னில படேல்ல."

கிளடிஸ் அந்த இடத்திலேயே வாய்விட்டு அழுதா. பிறகு குளிர்க் கோட்டை எடுத்து அவருக்குப் போட்டு, பொத்தான்களைக் கீழிருந்து மேலே ஒவ்வொன்றாகப் பூட்டிவிட்டா.